குளிரும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 32. போன வைகாசியில் கண்ணகை அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்குள் திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் விறைத்து, செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். இசிஜி எடுத்துப் பார்த்த வைத்தியர், இதயத்தில் குறையில்லை, பதகளிப்புத்தான் (திடீரென்று எழும் கடும் பயம்) என்றார். அதன் பிறகும் நான்கு தடவை வந்துவிட்டது. அம்மா நூல் கட்டுவித்தார். மாமியோ, மனமொன்றிக் கும்பிட்டால் இப்படி வராது என்கிறார். இப்போது கோயில் வாசலைக் கண்டாலே பயம். குளிசை எடுத்தால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள தங்கச்சி,

மாமி சொன்னது தவறு. படபடப்போடு 'என் பக்தி போதாது' என்ற குற்றவுணர்வும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2005, சுனாமியில் கடல் வந்துபோய் ஆறாம் மாதம். கல்லடிப் பழைய பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. எனக்கும் அதே படபடப்பு வந்தது. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியதும், பக்கத்துக் கிழவியின் மடியில் கீரைக்கட்டு ஈரம் சொட்டியதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. 'அம்மாளே, இதை இப்போதே நிறுத்து' என்று மன்றாடினேன். நின்றதா, நின்றதா என்று நெஞ்சையே கவனித்ததில் இன்னும் கூடியது.

ஆபத்து என்று உடல் தவறாக எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது. மூச்சு விரைகிறது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதால்தான் விரல் விறைப்பும் தலைச்சுற்றும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும்.

குளிர்த்தியை நினைத்துப் பாருங்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனை யாரும் அதட்டுவதில்லை. அவள் குளிரும் வரை கூடவே இருந்து பாடுகிறோம், நீர் தெளிக்கிறோம். அடுத்த முறை படபடப்பு வரும்போது நீங்களும் அப்படியே இருங்கள். தெரிந்த பாடலில் ஒரு வரியை, மூச்சை வெளியே விட்டபடி நீட்டிச் சொல்லுங்கள். ஜெபமாலையும் மந்திரமும் சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆக இறங்கியதை பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 2001இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் பாட்டிமார் இழுத்துப் பாடியதும் அந்த நிதானத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

குளிசையைப் பற்றி: என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் குளிசை போடுகிறார். அதை யாரும் நம்பிக்கைக் குறைவு என்பதில்லை. பதகளிப்புக்கு நாள்தோறும் கொடுக்கும் குளிசைகள் பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும். வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பேச்சுச் சிகிச்சையும் நன்றாக உதவும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. இரவில் தனியாகத் தவித்தால், தேசிய உளநல நிறுவகத்தின் 1926ஐ அழையுங்கள்.

நூலை அவிழ்க்கச் சொல்லமாட்டேன். அதைக் கட்டுவித்தபோது உங்கள் அம்மாவும் பயந்துதான் இருந்திருப்பார்.

கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். நம் பக்கத்துக் கண்ணகை கோயில்கள் பலவும் வைகாசியில் மட்டுமே கதவு திறப்பவை. மற்ற நாட்களில் கூட்டம் இராது, உங்களுக்கு அது நல்லது. ஒரு பின்னேரம் போய் வெளியே மர நிழலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்.

வரும் குளிர்த்திக்கு நானும் வருவேன். முன்னால் போய் நெரிபட வேண்டாம். கூட்டத்தின் ஓரத்தில், மணலில், இருவரும் இருந்து கேட்கலாம். வருவதென்றால் எழுதுங்கள்.