தொட்டிக்கரியும் சாயத்தண்ணீரும்

கேள்வி: தேங்காய்த் தொட்டியை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பொடித்து, பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க வைத்தேன். நிறம் லேசாகத்தான் குறைந்தது. அதே கரியில் செய்யப்படும் ஆக்டிவேட்டட் கார்பன் மட்டும் எப்படி நிறத்தை எடுக்கிறது?
– கல்லூரி மாணவி, காங்கேயம்

பதில்: தாங்கள் செய்தது பாதி வேலை. மூட்டத்தில் தொட்டி கரியாகும்போது வெளியேறும் புகையில் ஒரு பகுதி தாராக உள்ளேயே படிந்து, அப்போதுதான் உண்டான நுண்துளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. ஆலையில் இக்கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி அந்த அடைப்பை நீக்குவதோடு கரியையும் அரித்து, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேற்றுவதால், எடை கணிசமாகக் குறைந்து துளைகள் பெருகுகின்றன. இப்படித் தயாரான நல்ல கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 25 சென்ட் நிலம்.

ஆனால் அதை வாங்கிப் போட்டாலும் தங்களுக்கு முழுத் திருப்தி கிடைக்காது. தொட்டிக்கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை. மெத்திலீன் நீலம் போன்ற சிறிய சாய மூலக்கூறு அவற்றில் நுழைந்துவிடும். பருமனான ரியாக்டிவ் சாயமோ வாசலிலேயே நின்றுவிடும். (மெத்திலீன் நீலத்தை வெளுத்துக் காட்டியதை வைத்தே ஒரு கரியைப் புகழும் ஆய்வுக் கட்டுரைகளை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.) இத்தகைய சாயங்களுக்கு 2 முதல் 50 நானோமீட்டர் வரை அகலமுள்ள துளைகள் வேண்டும். மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, 400 முதல் 600 டிகிரியில் சுட்டு, அமிலம் போகும்வரை கழுவி எடுத்தால் அவ்வகைத் துளைகள் கூடுதலாகக் கிடைக்கும். இது ஆய்வகத்தில், புகைபோக்கியின் கீழ் செய்ய வேண்டியது. வீட்டு அடுப்பில் வேண்டாம்.

துளையின் அளவோடு மின்னேற்றமும் சேர்ந்துகொள்கிறது. ரியாக்டிவ் சாயம் நீரில் எதிர்மின்னேற்றம் கொண்டது. கழுவாத கரியிலுள்ள சாம்பல் நீரைக் காரமாக்க, கரியின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் பெற்றுச் சாயத்தைத் தள்ளிவிடும். எனவே அடுத்த முறை கரியை நீர்த்த அமிலத்திலும் பிறகு நல்ல தண்ணீரிலும் கழுவி உலர்த்துங்கள். சாயநீரைச் சற்று அமிலத்தன்மையோடு வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். மிதக்கும் கரித்தூள் கண்ணை ஏமாற்றும் என்பதால் வடிதாளில் வடிகட்டிய பின்பே நிறத்தைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கரி போடாத சாயநீர் ஒரு டம்ளர் பக்கத்தில் இருக்கட்டும்.

சாயப்பட்டறைக் கழிவுநீரில் நிறத்தைவிடப் பெரிய தொல்லையான உப்பை எந்தக் கரியும் எடுக்காது. திருப்பூரில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரங்களும் ஆவியாக்கிகளும் ஓடுவது அதற்காகத்தான்.