பாரம் ஏற்றினால் நீர்ச்சக்கரம் நின்றுவிடுகிறதா?
பையனின் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்த, இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டு நூற்பாலை மாடலில் சக்கரம் சும்மா இருந்தால் சுற்றுகிறது, நூல் நூற்கும் கதிர்த்தண்டை மாட்டினால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். படத்தைப் பார்த்தேன், தண்ணீர் சக்கரத்தின் அடியில் உள்ள தட்டைப் பலகைகளில் மோதுகிறது, சிக்கல் அங்கேதான். மேலிருந்து விடுங்கள், பலகைக்குப் பதில் சின்னச் சின்னத் தொட்டிகளாக ஒட்டினால் தண்ணீரின் எடையே சக்கரத்தைக் கீழே இழுக்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-இல் மாடல் சக்கரங்களை வைத்து அளந்தே, மேலிருந்து விழும் நீர், அடியில் மோதும் நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று காட்டினார். அப்புறம், கீழே தேங்கும் தண்ணீர் சக்கரத்தைத் தொடவே கூடாது. நூற்பாலை முதலாளி ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் தொடங்கிய அந்த கிராம்ஃபோர்டு ஆலைக்கு ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த வெதுவெதுப்பான நீரும் வந்தது, குளிர்காலத்திலும் உறையாது. இதையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள், அருமையான விஷயம்.