முருகனும் சியூஸும் மோதினால்

வணக்கம் அண்ணா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஆங்கில மூலம் படிக்கிறான். ஆறு மாதமாக வீட்டில், கிரேக்கத் தேவர்களின் பிள்ளைகள் இந்தக் காலத்தில் வாழ்வதாக வரும் பெர்சி ஜாக்சன் கதைகள்தான். சாப்பாட்டு மேசையிலும் புத்தகம், கழிப்பறையிலும் புத்தகம். கடல் தேவன் பொசைடனின் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டால் பாடமாகச் சொல்லுவான். நகுலன் யார் என்றால் முழிக்கிறான். போன கிழமை கோயிலில் வைத்து, "அம்மா, முருகனும் சியூஸும் சண்டை பிடித்தால் யார் வெல்லுவார்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, வந்ததே கோபம். "வீட்டில பாரதம் இருக்க, கண்ட நாட்டுப் பேய்க்கதை எதுக்கு?" என்று மூன்று நாளாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் தமிழில் சிறுவர் மகாபாரதம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்று பக்கத்தோடு மூடி வைத்துவிட்டான். இந்தப் புத்தகங்களை நிறுத்துவதா? இல்லை, இதுபோல் தமிழில் ஏதும் இருக்கிறதா?

ஒரு வாசகி


அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மகனின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்திலேயே நல்ல கேள்வி அதுதான். சியூஸின் ஆயுதம் இடிமின்னல். வானத்துக்கு அதிபதி, தேவர்களுக்கு அரசன், பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் அப்படி இப்படி. நம் பக்கத்தில் இந்த அடையாளமெல்லாம் யாருக்குப் பொருந்தும்? வச்சிராயுதம் வைத்திருக்கிற இந்திரனுக்கு. அந்த இந்திரனின் மகள் தெய்வானையைக் கட்டியவர் முருகன். ஆகவே சியூஸ் முருகனுக்கு மாமனார் முறை, சண்டை வராது என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் மாமாவும் சிரிக்கக்கூடும்.

புத்தகத்தை நிறுத்த வேண்டாம். எனக்கும் ஒருகாலத்தில் உங்கள் மாமாவின் கோபம்தான். 2022 மின்வெட்டுக் காலத்தில், அக்காவின் மகள் என் வீட்டில் விட்டுப்போன முதல் புத்தகத்தை, வேறு செய்ய ஒன்றும் இல்லாமல் டோர்ச் வெளிச்சத்தில் எடுத்தேன். பெரிய இலக்கியம் என்று சொல்லமாட்டேன். சில பகிடிகள் சப்பென்று இருக்கும். ஆனால் மின்சாரம் வந்த பிறகும் வைக்க மனம் வரவில்லை.

அதை எழுதிய ரிக் ரையோர்டன் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். இரவில் மகனுக்குக் கிரேக்கக் கதைகள் சொல்லியிருக்கிறார். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்த பிறகும் பிள்ளை விடவில்லை, புதிதாக ஒன்றைக் கட்டிச் சொன்னார். அதுதான் 2005இல் புத்தகமாக வந்தது. அந்தப் பிள்ளைக்கு, எழுத்தை வாசிக்கச் சிரமப்படுத்தும் டிஸ்லெக்சியா இருந்தது, ஓரிடத்தில் இருக்கவிடாத கவனக் குறைபாடும் இருந்தது. அதனால் கதையில் வருகிற பையனுக்கும் இரண்டும் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகள் அவன் கண்முன் நீந்துகின்றன, ஏனென்றால் அவனுடைய மூளை பழைய கிரேக்க மொழிக்கென்று அமைந்தது. வகுப்பில் நெளிகிறான், ஏனென்றால் அந்த உடம்பு போர்க்களத்துக்கென்று அமைந்தது. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு இதைவிட என்ன சொல்லிவிட முடியும்? நம் ஊரில் அதே பிள்ளைக்கு வைக்கிற பெயர் உங்களுக்குத் தெரியும். குழப்படி. ரிப்போர்ட்டில் 'கவனம் போதாது' என்று வரும், அடுத்த திங்கள் முதல் இன்னொரு டியூசன்.

அடுத்தது விலாசம். அந்தக் கதையில் ஒலிம்பஸ் கிரேக்கத்தில் இல்லை, நியூயோர்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆம் மாடியில் இருக்கிறது. கட்டடத்துக்கு உண்மையில் இருப்பது 102 மாடிதான். பாதாளத்துக்கு வாசல் லொஸ் ஏஞ்சலிஸில். அதை வாசித்த பிள்ளை லிஃப்டில் ஏறினால் பொத்தான்களை ஒருதரம் எண்ணாமல் விடாது. நம் கொழும்புத் தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரத்தில் எந்த மூலையில் நின்றாலும் தெரிகிறது. அதன் லிஃப்டில் இந்திரலோகத்துக்கு ஒரு பொத்தான் வைக்க நம்மில் யாருக்காவது தோன்றியதா? சிறுவர் பாரதங்களில் அத்தினாபுரம் எங்கோ மேகத்துக்குப் பின்னால் கிடக்கிறது. எல்லாரும் 'அப்படியே ஆகட்டும் தந்தையே' என்று பேசுகிறார்கள். யாருக்கும் பசிப்பதில்லை, யாரும் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்ததில் உங்கள் மகன்மேல் ஒரு பிழையும் இல்லை.

மாமாவைச் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அவரிடம் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள் பேரனை. ஆர்கோஸ் அரசன் அக்கிரீசியஸுக்குப் பேரனின் கையால்தான் சாவு என்று குறி சொல்லப்படுகிறது. பயந்துபோய், மகள் டானேயையும் கைக்குழந்தையையும் மரப்பெட்டியில் அடைத்துக் கடலில் விடுகிறான். பெட்டி செரிபோஸ் தீவில் ஒதுங்க, ஒரு மீனவன் எடுத்துக் காப்பாற்றுகிறான். அந்தக் குழந்தைதான், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை எடுத்த பெர்சியூஸ். பெர்சி என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மாமா பாதியிலேயே மறிப்பார். பெட்டி என்றால் கர்ணன், குறிக்குப் பயந்த அரசன் என்றால் கம்சன் என்று தொடங்குவார். தொடங்கட்டும். பாண்டவர் ஐவரும் கர்ணனும் தேவர்களுக்குப் பிறந்தவர்கள்தானே? மகனின் புத்தகக் கணக்கில் ஆறு பேரும் பாதி தேவர், பாதி மனிதர். யார் யாருக்கு எந்தத் தேவன் அப்பா என்று மாமா சொல்லி முடிக்கும்போது நகுலனும் வந்துவிடுவான்.

ஒன்று மட்டும். இந்தப் புத்தகங்கள் மூலக்கதைகளை நன்றாகக் கழுவித் துடைத்துத்தான் தருகின்றன. இன்னும் இரண்டு வருடத்தில் அவன் மூலத்தைத் தேடிப் போவான், பைத்தியம் பிடித்த ஹெர்குலிஸ் சொந்தப் பிள்ளைகளையே கொன்ற இடத்துக்கு வருவான். பதறாதீர்கள். நித்திரையில் கிடந்த பிள்ளைகளை அசுவத்தாமன் வெட்டியது நம் பாரதத்தில்தான்.

தமிழில் இதுபோல் என்று கையில் எடுத்துத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பாலம் உண்டு. ரையோர்டன் பெயரில் வரும் வரிசையில் முதலாவதாக, 2018இல், ரோஷனி சோக்‌ஷி எழுதிய ஆரு ஷா கதை வந்தது. பாண்டவர்கள் இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளாகத் திரும்பப் பிறக்கிறார்கள். அதைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் என் ஆசை வேறு. இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள், காரணமும் இருக்கிறது. அரசியலைக் கொஞ்சநேரம் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஏழாம் அத்தியாயத்தைக் கதையாக வாசியுங்கள். கப்பலில் வந்த இளவரசன் விஜயனின் ஆட்கள் இலங்கையில் கரையிறங்கிக் களைத்திருக்கிறார்கள். ஒரு பெண்நாய் வருகிறது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒருவன் அதன் பின்னால் போகிறான். நாய் உருவில் வந்தது ஒரு யக்கினி, இயக்கர் குலத்துப் பெண். போன இடத்தில் குவேனி என்ற இன்னொரு யக்கினி, தவசிப் பெண்போல, மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். குளத்தில் இறங்கிக் குளித்து, தாமரை இலையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஏறியவனை 'நில், நீ என் இரை' என்கிறாள். கையில் காப்புநூல் கட்டியிருந்ததால் தின்ன முடியவில்லை, குழியில் தள்ளுகிறாள். இப்படியே ஒருவர் பின் ஒருவராக 700 பேர். கடைசியில் விஜயன் வந்து, கழுத்தில் சுருக்கைப் போட்டு வாளை ஓங்கி, ஆட்களைத் திருப்பி வாங்குகிறான். இப்போது கிரேக்க வீரன் ஒடிசியஸ் கதையைப் பாருங்கள். சூனியக்காரி சேர்சியின் வாசலில் ஓநாயும் சிங்கமும் நாய்போல வாலாட்டுகின்றன. உள்ளே அவள் பாடிக்கொண்டு தறி நெய்கிறாள். போனவர்கள் பன்றிகளாகிறார்கள். ஒடிசியஸை ஒரு மூலிகை காக்க, வாளை உருவி ஆட்களை மீட்கிறான். யார் யாரிடம் கேட்டார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கிரேக்கத்துக் கதை என்று மாமா தள்ளிவைப்பது அவ்வளவு தூரத்தில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அத்தியாயத்தின் கடைசிப் பகுதி. விஜயன் மதுரைப் பாண்டியனின் மகளை மணக்கப் போகிறான், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ என்று குவேனியிடம் சொல்கிறான். அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் இயக்கர் ஊருக்குப் போகிறாள். பிள்ளைகளை வெளியே இருத்திவிட்டு உள்ளே போனவளை, உளவு பார்க்க வந்தாள் என்று ஒரே அடியில் கொன்றுவிடுகிறார்கள். அவளுடைய மாமன் வெளியே வந்து பிள்ளைகளைக் காண்கிறான். ஆரின் பிள்ளைகள்? குவேனியின் பிள்ளைகள். கொம்மாவைக் கொன்றுவிட்டார்கள், கண்டால் உங்களையும் விடமாட்டார்கள், ஓடுங்கள். அண்ணனும் தங்கையும் ஓடிப்போய்ச் சேருவது சிவனொளிபாதமலைக்கு. பாதி இயக்கர், பாதி மனிதர். அரண்மனைக்கும் வேண்டாம், அம்மாவின் ஊருக்கும் வேண்டாம். மகாவம்சம் இதை நாலு வரியில் முடித்துவிட்டுப் பாண்டிய இளவரசியைப் பார்க்கப் போய்விடுகிறது. மலைக்குப் போன பிறகு வருவது சிறுவருக்கு உகந்ததல்ல, நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள்.

இன்றிரவு மகனுக்கு 'ஓடுங்கள்' வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த இரண்டு பேரும் இப்போது கொழும்பில் இருந்தால் மலைக்கு எப்படிப் போவார்கள், அம்மாவிடம் இருந்து அவர்களுக்கு என்ன சக்தி வந்திருக்கும் என்று கேளுங்கள். சொல்வதைத் தமிழில் எழுதித் தந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள், எழுத்துப்பிழையோடு. அக்காவின் மகளிடம் நான் கேட்டுவிட்டேன். கோட்டையில் ஹட்டன் ரயில் எடுக்கலாமே என்றேன். ஸ்டேஷன் வேண்டாம் மாமா, அங்கே நாய்கள் கூட, எது நாய் எது யக்கினி என்று தெரியாது என்றாள்.