காளைக்குக் கோமாரித் தடுப்பூசி பிடிக்காதா?

காங்கேயம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முகாமில் நான்கு பசுக்களுக்கும் இரண்டு காளைகளுக்கும் ஒரே நாளில் ஊசி போட்டோம். நான்கு மாதத்தில், அவற்றில் சந்தையில் புதிதாக வாங்கியிருந்த காளைக்கு மட்டும் வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் வந்துவிட்டது. ஆண் மாட்டுக்கு ஊசி வேலை செய்யாதா?"

வேலை செய்யும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் உற்பத்திக்குத் துணைநிற்கும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அதைச் சற்று மட்டுப்படுத்தும் என்பது பல பாலூட்டிகளில் கண்டறியப்பட்டதுதான். ஆனாலும் தொழுவத்தில் நாம் காணும் வேறுபாட்டுக்கு அதைக் காரணமாகச் சொல்ல நான் தயங்குவேன். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கொருமுறை ஊசி போடப்படுவதால், கறவைப் பசு ஒன்று நான்கைந்து வயதுக்குள் பல சுற்றுகளைக் கண்டிருக்கும். கிடாரிக்கன்றை வைத்துக்கொண்டு காளைக்கன்றை விற்றுவிடும் வழக்கத்தில், கைமாறிக்கொண்டே இருக்கும் ஆண் மாட்டுக்கு அந்தத் தொடர்ச்சி வாய்ப்பதில்லை. இரத்தப் பரிசோதனையில் பசுக்களுக்கு எதிர்ப்பொருள் கூடுதலாகத் தெரிந்தால், பாலினத்தைவிட வயதையும் ஊசிகளின் எண்ணிக்கையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் காளைக்கு அது முதல் ஊசியாகவே இருந்திருக்கலாம். இது செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன மருந்து என்பதால், முதல் ஊசியில் எழும் எதிர்ப்பாற்றல் சில மாதங்களிலேயே இறங்கிவிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் போடும் ஊக்க ஊசிதான் அதை நிலைநிறுத்தும். காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைச் சொன்னால், முந்தைய ஊசிகள் பதிவாகியிருக்கின்றனவா என்று கால்நடை மருந்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: ஊசி போடும்போது காளை நின்றதா? திமிறும் காளையின் கழுத்துத் தோல் தடிப்பானது. மூக்கணாங்கயிற்றை மட்டும் ஒருவர் பிடித்திருக்க, ஊசிமுனை நழுவிப் பாதி மருந்து மயிரில் வழிவதை முகாம்களில் பார்த்திருக்கிறேன். கணக்கில் அதுவும் ஓர் ஊசிதான்! அடுத்த முறை மரத்தோடு சேர்த்துக் கட்டிய பிறகே போடச் சொல்லுங்கள்.

இப்போது காளையைத் தனியே கட்டி, அதன் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிடுங்கள். லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தரையைக் கழுவுங்கள். புண் ஆறிய பிறகும் ஊசியை நிறுத்த வேண்டாம். ஓ, ஏ, ஆசியா-1 என்னும் கோமாரி வைரஸ் வகைகளில் ஒன்றால் வந்த நோய் மற்ற இரண்டிலிருந்தும் மாட்டைக் காக்காது.