அத்தை விட்டுப் போன தையல் பெட்டி: எதை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். என் அத்தை, அதாவது மாமியார், ஆறு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். நாற்பது வருஷம் தைத்த கை. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு அட்டைப்பெட்டி நிறைய எம்ப்ராய்டரி நூல், பாசி, குரோஷா ஊசி, கம்பளி நூல், வயர் கூடை ரோல், எப்போதோ கட்டிய பட்டுக்கூடு மாலை எல்லாம் இருக்கின்றன. ஒரு கால் மிஷினும் உண்டு. எதிரெதிராக இரண்டு மயில் போட்ட மேசை விரிப்பு ஒன்று எம்ப்ராய்டரி வளையத்தோடு அப்படியே நிற்கிறது. ஒரு மயில்தான் முடிந்திருக்கிறது. ஓரகத்தி மிஷினைக் கேட்கிறார். நாத்தனார் விரிப்பைக் கேட்கிறார். அத்தையிடம் கற்றுக்கொண்ட எதிர்வீட்டு அக்கா நூல் கேட்டார். எனக்குப் பட்டன் தைக்க மட்டும்தான் தெரியும், ஆனால் கற்றுக்கொள்ள ஆசை. மனஸ்தாபம் இல்லாமல் எப்படிப் பிரிப்பது? விரிப்பை யார் முடிப்பது?

பதில்: முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், போய் அந்த விரிப்பிலிருந்து வளையத்தைக் கழற்றிவிடுங்கள். ஆறு மாதமாக இறுக்கிப் பிடித்திருக்கும் வளையம் துணியில் தடம் போடும். திருகாணி துருப்பிடித்திருந்தால் அந்தக் கறை வெள்ளைத் துணியை விட்டு லேசில் போகாது. துணியில் ஊசி குத்தியே இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு நிற நூலால் ஒரு தளர்ந்த முடிச்சு போட்டு வையுங்கள். அத்தை எங்கே நிறுத்தினார் என்பதற்கு அதுதான் அடையாளம். விரிப்பை இப்போதைக்குத் துவைக்கவும் வேண்டாம், இஸ்திரி போடவும் வேண்டாம். சூடு பட்டால் பழைய கறை துணியிலேயே ஊறி நின்றுவிடும்.

அடுத்து பெட்டி. அதை வீட்டுக்குள் திறக்காதீர்கள், திண்ணையிலோ மாடியிலோ திறங்கள். பட்டுக்கூடு மாலை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகும் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும், பழைய கூட்டைத் துளைத்துத் தின்னும் சின்ன வண்டைப் பற்றிச் சொல்வார்கள். அதன் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும், பருத்தியை அநேகமாகத் தொடாது. மாலையில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். கம்பளி நூலுக்கும் இதேதான். எடுத்த பிறகு, பையின் மேல் வேர்க்கும் ஈரம் காயும் வரை பையைப் பிரிக்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் 'கம்பளி' என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் நூல்தான், அதற்குப் பூச்சி வராது. சந்தேகம் இருந்தால் ஒரு விரற்கடை நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி உருண்டையாக நின்றால் அக்ரிலிக்.

இனி பிரிக்கும் கதைக்கு வருவோம். பெட்டியில் இருப்பதெல்லாம் அத்தையுடையது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வருஷம் ஊருக்குத் தைத்தவர் பெட்டியில் அடுத்தவர் பொருள் கண்டிப்பாக இருக்கும். சீட்டு குத்திய அளவு ரவிக்கை, யாரோ கொடுத்துவிட்டு மறந்த பிளவுஸ் பிட், பாதி வேலை முடிந்த சுடிதார் என்று ஏதாவது அகப்படும். இன்னொன்று, மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் அது முதன்முதலாகத் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரியோடு இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அத்தை குழுவில் இருந்தவர் என்றால், மொத்தமாக வாங்கிய நூலோ பாசியோ குழுப் பணத்தில் வந்ததாகவும் இருக்கலாம். அளவு நோட்டைப் புரட்டுங்கள், குழுவில் கூட இருந்தவர்களை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அடுத்தவர் பொருள் போன பிறகு மீதி இருப்பதுதான் உங்கள் வீட்டுச் சொத்து. நான் பார்த்த சண்டைகளில் பாதி, இந்த ஒரு வேலையை யாரும் செய்யாததால் வந்தவை.

சட்டப் பேச்சு எனக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒரு வரி. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் பொருளுக்கு முதல் வாரிசுகள் மகன்கள், மகள்கள், கணவர். அந்த வரிசையில் மருமகளுக்கு இடம் இல்லை. அந்தச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்றால், பெட்டியைப் பிரிக்கும் நாளில் நாத்தனார் அங்கே இருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. அவர் வரும் வரை எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு நூல்கூடப் போகக் கூடாது. பிறகு அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் மிஷினையும் விரிப்பையும்தான் பார்க்கிறீர்கள். எனக்கு இந்தப் பெட்டியில் வேறு ஒன்றின் மேல்தான் கண். ஊசியால் வரிசையாகக் குத்திய பட்டர் பேப்பர் எங்காவது மடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் அதைத் துணி மேல் விரித்து, மண்ணெண்ணெயில் நீலப் பொடியைக் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பார்கள். குத்தின ஓட்டை வழியே கோலம் துணியில் இறங்கும். எதிரெதிர் மயில் என்றால் அநேகமாக ஒரே பேப்பரைத் திருப்பிப் போட்டு இறக்கியதாகத்தான் இருக்கும். அந்தப் பேப்பரும், துணித்துண்டுகளில் ஒவ்வொரு தையலாகப் போட்டு ஒட்டிய மாதிரி நோட்டும் கிடைத்தால் அதுதான் பெட்டியின் சொத்து. தையலில் லோயர், ஹையர் அரசுத் தேர்வு எழுதியவர்களிடம் அந்த நோட்டு கட்டாயம் இருக்கும். இதற்குச் சண்டை போட வேண்டியதே இல்லை. புதிய பட்டர் பேப்பர் மூன்று தாளை அடியில் வைத்து, கீழே மடித்த போர்வையைப் போட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே மெல்லிய ஊசியால் குத்தினால் ஆளுக்கொரு மயில். நோட்டை ஃபோனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மூலப்பிரதி நாத்தனாரிடம் இருக்கட்டும்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கர் எம்ப்ராய்டரி நூல் சிட்டம் ஒன்று எட்டு மீட்டர், ஆறு இழை. அதன் மேல் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் எண் இருக்கும், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நூலின் நிறத்துக்குப் பெயர் அந்த எண்தான். ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். கையை அறுக்கிற மாதிரி எதிர்த்து நின்றால் நல்ல நூல். காகிதம் மாதிரிச் சத்தமில்லாமல் பிரிந்தால் அது உயிர் போன நூல், கை பழக மட்டும் ஆகும். சிவப்பு, கருப்பு, கருநீலம் மூன்றையும் ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெளிர்த் துணிக்கு வேண்டவே வேண்டாம். பழைய மிஷின் நூல்கண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் மிஷினில் மாட்டாதீர்கள். அறுந்து அறுந்து பிராணனை வாங்கும், பஞ்சு உதிர்ந்து பாபினில் அடைக்கும்.

ஜரிகை நூல் இருந்தால் அந்துருண்டையிலிருந்து தள்ளி வையுங்கள், பட்டால் கறுத்துப்போகும். பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு ஒரு துண்டு போதும். பாசியில் முத்துப் பூச்சு உரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். வயர் ரோலை ஒரு முனையில் மடித்துப் பாருங்கள், வெள்ளைக் கீறல் விழுந்து முறிந்தால் கூடைக்கு ஆகாது. முறியாத ரோலை நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று கூடைப் பின்னல் தெரிந்த கைக்குக் கொடுத்துவிடுங்கள். வயர் வைத்து வைத்துப் பெருகும் பொருள் இல்லை. பழைய எலாஸ்டிக், துருப்பிடித்த ஊசி, ஹூக் எல்லாம் குப்பைக்கு. துணி வெட்டும் கத்தரிக்கோல் மட்டும் உங்களிடமே இருக்கட்டும். சாணை பிடித்து வையுங்கள், அதில் ஒரு காகிதம்கூட வெட்டக் கூடாது.

கொடுக்கும்போது ஒரு கணக்கு. நூலை ஆளுக்குப் பத்து சிட்டம் என்று எண்ணிப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு பச்சையில் ஐந்து சாயல் இருந்தால்தான் ஒரு இலை வரும். அதை மூன்று பேருக்குப் பிரித்தால் யாரிடமும் இலை இருக்காது. வேலையாகப் பார்த்துப் பிரியுங்கள். மயில் விரிப்புக்கான நூல் முழுவதும் விரிப்போடு போகட்டும். குரோஷா ஊசிகள் அத்தனையும் குரோஷா நூலோடு ஒரே ஆளுக்கு. பாசி, ஆரி ஊசி, ஆரி ஸ்டாண்ட் இருந்தால் சேர்த்து ஒரு பங்கு. எதிர்வீட்டு அக்கா இன்றைக்கும் ஊசி பிடிக்கிறவர் என்றால் மீதி நூலில் பெரிய பங்கு அவருக்குத்தான் போக வேண்டும். இது என் கட்சி. பீரோவில் இருக்கும் நூலுக்கும் வயசாகும்.

மிஷினை ஓரகத்திக்குக் கொடுப்பதில் தப்பில்லை, அவர் தைப்பார் என்றால். ஷோகேஸ் பக்கத்தில் நிறுத்தத்தான் என்றால் தைக்கிற வேறு வீட்டைப் பாருங்கள். யாருக்குப் போனாலும் மேசை, பெல்ட், பாபின் கேஸ், பாபின்கள், துணியை அழுத்தும் பாதங்கள் வைத்த தகர டப்பா எல்லாம் கூடவே போக வேண்டும். சக்கரம் சிக்கிக்கொண்டிருந்தால் பலம் காட்டாதீர்கள். என் மாணவி ஒருத்தி ஓசூரில் அம்மாவின் பழைய மிஷினை எடுத்துத் தேங்காய் எண்ணெய் விட்டாள். மார்கழிக் குளிரில் என்ன ஆகும்? 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மிஷின் கல்லாகிவிட்டது. கடைசியில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு நாள் ஊற வைத்து, துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விட்டோம். வெறும் மிதியில் பத்து நிமிஷம் ஓட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது.

விரிப்பை நாத்தனார்தான் கேட்கிறார், அவருக்கே போகட்டும். ஆனால் முடிப்பதை மூன்று பேர் சேர்ந்து செய்யலாம் என்பது என் யோசனை. ஒருவர் கழுத்து, ஒருவர் தோகை என்று பகுதி பகுதியாகப் பிரித்தால் மூன்று கை தனித்தனியாகத் தெரியும். ஒருவர் இறுக்கி இழுப்பார், இன்னொருவர் தளரவிடுவார். அதற்குப் பதில் தையல் வகையில் பிரியுங்கள். காம்புத் தையல் முழுக்க ஒருவர், சங்கிலித் தையல் முழுக்க இன்னொருவர், உள்ளே நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட் தையல் எதிர்வீட்டு அக்கா. தொடங்கும் முன் முடிந்த மயிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அத்தை எத்தனை இழை எடுத்தார், எந்தப் பக்கத்திலிருந்து நிரப்பினார் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். ஒரு சாயல் தீர்ந்துபோய் அதே எண் புதிதாக வாங்கினாலும் சாயத் தொகுதி மாறினால் இம்மி வித்தியாசம் காட்டும். அத்தையின் நூலைக் கழுத்துக்கும் கண்ணுக்கும் வைத்துக்கொண்டு, புதியதைத் தோகையின் ஓரத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு இழை பழையது, ஒரு இழை புதியது என்று ஊசியில் சேர்த்துக் கோத்தால் கண் பிடிக்காது. பின்னால் ஒட்டுக்கொடுக்கத் துணி வேண்டுமென்றால் பர்கூர் ஜவுளிக் கடைகளுக்கு விரிப்பையே எடுத்துக்கொண்டு போங்கள், ஃபோன் படத்தை நம்பி வெள்ளை வாங்காதீர்கள். வீடு மாறி வீடு போகும்போது மடிக்க வேண்டாம். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக்குழலில் சுருட்டுங்கள்.

வேறு கை பட்டால் அத்தை வேலை கெட்டுவிடாதா என்று நாத்தனார் தயங்கலாம். அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற அமைப்பாகச் சேர்ந்து தங்கள் பழைய எம்ப்ராய்டரியை இன்றைக்கும் போடுகிறார்கள். ஒரு தலைமுறை அநேகமாகக் கைவிட்டிருந்த வேலை அது. தெரிந்த ஓரிரு மூத்த பெண்களின் கையைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் நாத்தனாருக்கு மனம் வரவில்லையென்றால் முடிக்கவே வேண்டாம். ஒரு மயிலோடு அப்படியே ஓரம் அடித்து வைத்துக்கொள்ளட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை.

கடைசியாக, நீங்கள். உயிர் போன நூல் என்று ஒதுக்கினோமே, அதில் ஆரம்பிக்காதீர்கள். அறுந்து அறுந்து உங்களுக்கே வெறுத்துவிடும். ஏற்கெனவே ஊசி பிடித்தவர்கள்தான் அதில் பொறுமையாகப் பழகுவார்கள். நல்ல நூலில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு நிறம், ஒரு முழம் கேஸ்மென்ட் என்ற பருத்தித் துணி, அத்தையின் வளையம். திருகாணியைத் துடைத்துவிட்டு, உள்வளையத்தைக் கிழிந்த வேட்டி நாடாவால் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு எதிர்வீட்டுக்குப் போய், "அக்கா, காம்புத் தையல் காட்டுங்க" என்று கேளுங்கள். நூலைக் கொடுத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.