எந்த தெரபி எனக்கு? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. உளவியல் சிகிச்சைக்குப் போகலாம் என்று முடிவு செய்தாயிற்று, ஆனால் எந்த வகைக்குப் போவது, உள்ளே என்ன நடக்கும், சரியாகத்தான் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கிளினிக் வெப்சைட்டில் சி.பி.டி., ஏ.சி.டி., டி.பி.டி., சைக்கோடைனமிக் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆறு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து படுத்துவிடுகிறேன். நான் எதைத் தேர்ந்தெடுப்பது? (கோவை வாசகர்)

பெயர்களை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம். அந்த அறையில் உங்களை என்ன செய்யச் சொல்வார்கள் என்று பாருங்கள், வித்தியாசம் தானாகப் புரியும். நண்பர் ஒருவர் உங்கள் போனை எடுக்கவில்லை, "அவனுக்கு நான் ஒரு பாரம்" என்று மனதில் சட்டென ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சி.பி.டி. செய்பவர் அந்த வரியை அப்படியே பிடித்துக்கொள்வார். அதற்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்குமா என்று இருவரும் சேர்ந்து தாளில் எழுதிப் பார்ப்பீர்கள், வீட்டுக்கும் அதே வேலை உண்டு. 1960களில் இதை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், முதலில் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வில் இருந்தவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க, இப்படிச் சட்டென வந்து போகும் எண்ணங்கள்தான் அவர் கவனத்தை இழுத்தன. சைக்கோடைனமிக் செய்பவர் அவ்வளவு அவசரப்பட மாட்டார். பாரமாக இருக்கிறோம் என்ற உணர்வு முதலில் எந்த வயதில், யாரிடம் வந்தது என்று பின்னோக்கிப் போவார், தன்னிடமும் நீங்கள் அதே பயத்தோடுதான் பேசுகிறீர்களா என்று கவனிப்பார். ஏ.சி.டி.யில் அந்த எண்ணம் உண்மையா பொய்யா என்ற விசாரணையே கிடையாது. அது ஒரு ஓரமாக இருக்கட்டும், உங்களுக்கு முக்கியமான ஒன்றை நோக்கி இன்று ஒரு அடி வைக்க முடியுமா என்பார்கள். டி.பி.டி. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு உணர்ச்சி கொந்தளிப்பவர்களுக்காக உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கியது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைவிட எளிமையான ஒன்று: பிஹேவியரல் ஆக்டிவேஷன். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனம் வரட்டும் என்று நாளைக்கு இரண்டு சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்வது. கேட்க அற்பமாக இருக்கும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இதை ஆறு முதல் எட்டு செஷன்களில் செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களிடம் வந்தவர்கள் அதிகம் தேறினார்கள் என்ற ஆய்வு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அப்புறம், தைராய்டும் ரத்தசோகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதென்றால் வகை தேடிக்கொண்டிருக்காமல் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு 31 வயது. வெளியே போய் வந்தால் கை கழுவியே ஒரு மணி நேரம் போய்விடும். ஒன்றரை வருடமாகக் கவுன்சலிங் போகிறேன். மேடம் அவ்வளவு அன்பாகப் பேசுவார், வந்ததும் லேசாக இருக்கும். ஆனால் கழுவுவது குறையவே இல்லை. நான் சரியாக ஒத்துழைக்கவில்லையோ? (சேலம் வாசகி)

இல்லை. தயவுசெய்து இதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பிரச்சினைகளில் எந்த வகை சிகிச்சை என்பது அவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்காது, ஆனால் ஓ.சி.டி.யில் (வேண்டாத எண்ணம் விடாமல் வருவதும், அதைத் தணிக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுமான நோய்) உண்டாக்கும். நீங்கள் சொல்வது அதுதான் என்று உங்கள் சிகிச்சையாளர் உறுதி செய்தால், உங்களுக்கு வேண்டியது ஈ.ஆர்.பி. என்ற முறை. பயப்படுவதைத் தொடுவது, தொட்டபின் கழுவாமல் இருப்பது. லண்டனில் விக்டர் மேயர் 1966-ல் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியதிலிருந்து இது வளர்ந்தது.

நடப்பது இப்படித்தான். முதல் ஒன்றிரண்டு செஷன் பட்டியல் போடுவதிலேயே போகும். வீட்டுக் கதவுக் கைப்பிடிக்கு நூற்றுக்கு 30 மார்க் பயம், பஸ் கம்பிக்கு 55, செருப்பின் அடிப்பக்கத்துக்கு 85 என்று நீங்களே மார்க் போடுவீர்கள். பிறகு கீழே இருப்பதிலிருந்து தொடங்குவார்கள், பல நேரம் சிகிச்சையாளரே முதலில் தொட்டுக் காட்டுவார். நீங்களும் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். பதற்றம் ஏறும், உடம்பு துடிக்கும், எழுந்து ஓடிக் குழாயைத் திறக்கத் தோன்றும். கழுவாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நேரம்தான் மருந்து. பதற்றம் மெல்ல இறங்கலாம், இறங்காமலும் போகலாம், ஆனால் கழுவாமலே அதைத் தாங்க முடிகிறது என்பதை உங்கள் உடம்பு கற்றுக்கொள்ளும். சுகமான செஷன்கள் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வரும்போது லேசாக இருக்காது, களைப்பாக இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களையும் ஒருமுறை கூட்டிப் போங்கள். "என் கை சுத்தமாகத்தானே இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் அவர்கள் "ஆமாம்மா, சுத்தம்தான்" என்று பாசத்தில் சொல்லும் பதிலும் ஒருவகையில் கழுவுவதுதான், அது பயத்துக்குத் தீனி போடுகிறது. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, மடி, தீட்டு, ஆச்சாரம் என்ற பெயரில் இந்த நோய் பல வருடம் மறைந்துகொள்ளும், "பக்தியான பெண்" என்று நல்ல பெயர்கூடக் கிடைத்துவிடும். ஆச்சாரத்தில் குளித்தால் முடிந்தது. இதில் குளித்த பிறகும் முடியாது. அடுத்த முறை மேடமிடம் நேராகவே கேளுங்கள்: "எனக்கு ஈ.ஆர்.பி. செய்வீர்களா? இல்லையென்றால் செய்பவரிடம் அனுப்புங்கள்." நல்ல சிகிச்சையாளர் இதில் கோபப்பட மாட்டார். மாத்திரையும் பலருக்கு உதவுகிறது, மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

ஐந்து முறை போய்விட்டேன். நான் பேசுகிறேன், அவர் "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று திருப்பிக் கேட்கிறார். விவாகரத்து வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார். (திருநெல்வேலி வாசகர்)

உங்கள் எதிர்பார்ப்பு தவறில்லை. பெரியவர்களிடம் போய் நின்றால் வழி சொல்வார்கள் என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். இந்தியாவில் சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் உள்ள உறவை குரு–சீடன் உறவாகப் பார்க்கலாம் என்று மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி 1973-லேயே எழுதியிருக்கிறார். உங்களுடையவர் பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வேலை செய்கிறவர் என்று நினைக்கிறேன். வந்தவருக்குள்ளேயே வழி இருக்கிறது, அவர் முழுமையாகக் கேட்கப்பட்டால் அது வெளியே வரும் என்பது அந்த நம்பிக்கை. விவாகரத்தை அவர் முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் அவர் பக்கம்தான், நாளைக்கு அதோடு வாழப் போவது நீங்கள்.

ஆனால் ஐந்து செஷனுக்குப் பிறகும் எதை நோக்கிப் போகிறோம் என்று உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அது அவர் சரிசெய்ய வேண்டிய விஷயம். இலக்கில் ஒப்புதல், அதற்கான வேலையில் ஒப்புதல், இருவருக்கும் இடையே பிணைப்பு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை உறவு என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் எழுதினார். உங்களுக்கு முதல் இரண்டும் இல்லை. "சார், பேசுவது நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு திட்டம் தெரிய வேண்டும்" என்று ஆறாவது முறை சொல்லிப் பாருங்கள். சொல்லாமல் நின்றுவிடுபவர்கள்தான் அதிகம், அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சின்ன வயதில் உறவினர் ஒருவரால் நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. போனால் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? (ஊர் குறிப்பிடவில்லை)

வேண்டாம் அம்மா. "ஒன்று நடந்தது, இப்போது அதைப் பற்றிப் பேச முடியாது" என்பதே முதல் நாளுக்குப் போதும். நல்ல சிகிச்சையாளர் முதலில் தூக்கம், பயம், பாதுகாப்பு ஆகியவற்றைத்தான் கவனிப்பார், கை உயர்த்தினால் நிறுத்திவிடுவது என்று ஒரு சைகையும் பேசிவைத்துக்கொள்ளலாம். சில முறைகளில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பிரான்சைன் ஷாப்பிரோ 1987-ல் தொடங்கிய இ.எம்.டி.ஆர். முறையில், சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்களால் தொடர்ந்தபடி நினைவை மனதில் வைத்திருப்பீர்கள், விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது, உங்களுக்கு எது தாங்குமோ அதைக் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது, விதிவிலக்குகளும் உண்டு. வருபவர் 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு. அதனால் எதையும் சொல்வதற்கு முன்பே "எது இந்த அறைக்கு வெளியே போகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

மனைவி கப்பிள் தெரபிக்குக் கூப்பிடுகிறாள். தெரபிஸ்டும் பெண். இருவரும் சேர்ந்து என்னைக் கூண்டில் ஏற்றுவார்களா? (திருச்சி வாசகர்)

இந்தப் பயத்தை முதல் செஷனிலேயே, மனைவி முன்னிலையிலேயே சொல்லுங்கள். இந்த வகையில் சிகிச்சை உங்கள் இருவருக்கும் இடையே நடப்பதற்குத்தான், மனைவி கேட்கக் கேட்க நீங்கள் மௌனமாவதும், நீங்கள் மௌனமாக ஆக அவர் குரல் உயர்வதும் போல. ஒன்று மட்டும்: வீட்டில் அடி உதை இருந்தால் சேர்ந்து உட்காருவது சரியான தொடக்கம் இல்லை, தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே படித்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செலவுக்கும் வழியில்லை. (விழுப்புரம் வாசகி)

"கவுன்சலர்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். செலவுக்கு, பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். கூட்டம் இருக்கும், நேரம் குறைவாகக் கிடைக்கும், அதனால் உங்களைப் படுத்தும் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பழைய மருந்துச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். அதுவரை 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, கட்டணம் இல்லை, நடு இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.