முழு புரொஜெக்டையும் ஏஐயிடம் கொட்டலாமா?

வணக்கம் அண்ணை,

பரந்தனிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன், லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போனால்தான் எடை கழிக்க வேணும். ஆனால் காலபோக அறுவடை தொடங்கியதிலிருந்து பற்றுச்சீட்டில் 14 என்று விழுகிற மூடைகளுக்கும் கழிக்கிறது. கமக்காரர் வந்து சண்டை. முழு புரொஜெக்டையும் ஒரே கோப்பாக்கி ஏஐயிடம் கொடுத்தேன். அதுவும் திருத்தித் தந்தது, போட்டுப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் கண்டேன், நான் போன வருடம் கைவிட்ட பழைய கோப்பைத் திருத்தியிருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்தால்தானே அதற்கு எல்லாம் விளங்கும்? இன்னும் கூட டோக்கன் (ஏஐ உரையை வெட்டிப் படிக்கிற சின்னத் துண்டு) பிடிக்கிற மொடலுக்குக் காசு கட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். கட்டவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கட்ட வேண்டாம். இடம் போதாமல் வந்த பிழையில்லை இது. ஈரப்பதன் கழிவைக் கணக்கிடுகிற ஃபங்ஷன் உங்களிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று ஓடுகிறது, மற்றது சும்மா கிடக்கிறது. எது எதுவென்று உங்களுக்குத் தெரியும், அதற்கு நீங்கள் சொல்லவில்லை. பத்து லட்சம் டோக்கன் பிடிக்கிற மொடல்கள் 2024 இலேயே வந்துவிட்டன. அதில் போட்டாலும் இரண்டு கோப்பும் பக்கத்தில் பக்கத்தில்தான் போய் உட்காரும்.

கொடுத்ததெல்லாம் அதற்கு விளங்கும் என்பதும் சரியில்லை. 2023 இல் நெல்சன் லியுவும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த விடையை மொடல்கள் நன்றாகப் பிடித்தன, நடுவில் இருந்ததைத் தவறவிட்டன. ஓபன்ஏஐயின் ஜிபிடி-3.5 மொடலை இருபது, முப்பது ஆவணங்களோடு சோதித்தபோது, விடை நடுவில் கிடந்த சில இடங்களில், ஆவணமே கொடுக்காமல் கேட்டதைவிட மோசமாகப் பதில் சொன்னது. இன்றைய மொடல்கள் எவ்வளவோ தேறிவிட்டன, உண்மை. ஆனாலும் தேவையில்லாததைக் கொட்டினால் அதற்கு விலை உண்டு. பணத்திலும் உண்டு: நீங்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் முன்னைய உரையாடல் முழுவதும் திரும்ப உள்ளே போகிறது.

சரி, எதைக் கொடுப்பது? முதலில் கிட் கிரெப் (git grep, புரொஜெக்ட் முழுவதிலும் ஒரு சொல்லைத் தேடுகிற கட்டளை) போட்டு அந்த ஃபங்ஷனின் பெயரைத் தேடுங்கள். யாரும் கூப்பிடாததை அழித்துவிடுங்கள், கிட் வரலாற்றில் அது பத்திரமாகக் கிடக்கும். மிஞ்சியதை முழுசாக எடுங்கள். அதைக் கூப்பிடுகிற கொன்ட்ரோலர் மெதட்டையும் (கோரிக்கையை வாங்கி வேலையைத் தொடக்குகிற பகுதி) எடுங்கள்.

அதோடு நிறுத்தினால் ஏஐ நேரே ஒப்பீட்டுக் குறியில் போய் நிற்கும். 'பெரிது அல்லது சமம்' என்றிருப்பதை 'பெரிது' என்று மாற்றித் தரும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் எனக்கு இடறுகிறது: 'பற்றுச்சீட்டில்' 14. தரவுத்தளத்தில் 14.3 என்று கிடப்பதைப் பற்றுச்சீட்டு முழு எண்ணாக்கி அச்சிடுகிறதோ? அப்படியென்றால் கழித்தது சரி, அச்சிட்டதுதான் பிழை. அதனால் கொள்வனவு அட்டவணையின் மைகிரேஷனும் (அட்டவணையில் என்னென்ன கொலம் (column) என்று சொல்கிற கோப்பு), பற்றுச்சீட்டின் பிளேட் கோப்பில் (லாராவெலின் பக்க வார்ப்புரு) ஈரப்பதன் அச்சாகிற சில வரிகளும் கட்டாயம் போக வேண்டும். கூடவே சண்டைக்கு வந்த ஒரு பற்றுச்சீட்டின் கணக்கு: உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன, வந்திருக்க வேண்டியது என்ன. எல்லாம் சேர்த்தாலும் சில நூறு வரிகளைத் தாண்டாது.

குறைத்துக் கொடுத்தாலும் ஆபத்துத்தான். மைகிரேஷனைக் காட்டாவிட்டால், உங்கள் அட்டவணையில் 'ஈரம்' என்றிருக்கிற கொலத்துக்குத் தானே ஒரு பெயரை ஊகித்து, அதை வைத்து அழகாகக் கோட் எழுதித் தரும். 'வேறு கோப்பு வேண்டுமென்றால் கேள், ஊகிக்காதே' என்று கேள்வியோடு சேர்த்து எழுதுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் கேட்கிறது.

குளோட் கோட், கேர்சர் போன்ற கோட் எழுதுகிற ஏஐ கருவிகள் தாமே கோப்புகளைத் தேடி எடுக்கும், தெரியும். அவையும் முழுவதையும் விழுங்குவதில்லை. எய்டர் என்ற கருவி கிளாஸ், ஃபங்ஷன் தலைப்புகளை மட்டும் உருவி, எது எதைக் கூப்பிடுகிறது என்று பார்த்து, முக்கியமானவற்றை ஒரு சின்ன வரைபடமாக மொடலுக்குக் கொடுக்கிறது. ஆனால் செத்த கோப்பு உங்கள் கோப்புறையில் கிடக்கும்வரை எந்தக் கருவியும் அதில் தடுக்கி விழலாம்.

இன்னொன்று. 'முழு புரொஜெக்ட்' என்கிறீர்கள், வெண்டர் கோப்புறையுமா? அது மற்றவர்கள் எழுதிய கோட், பிழை அங்கே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டொட் ஈஎன்வி (.env) என்ற அமைப்புக் கோப்பும் போயிருந்தால் கடவுச்சொற்களை இன்றைக்கே மாற்றுங்கள். தரவுத்தளப் பிரதியும் சேர்ந்து போயிருந்தால் விஷயம் பெரிது. கமக்காரரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் உங்கள் சொத்தில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இலங்கையில் இருக்கிறது, ஆலைக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

இப்போதைக்கு, ஒரு பற்றுச்சீட்டை வாங்கி தரவுத்தளத்தில் அதே பதிவைத் திறந்து பாருங்கள். 14.0 என்றிருந்தால் ஒப்பீட்டுக் குறி, 14.3 என்றிருந்தால் பிளேட் கோப்பு. இரண்டுமில்லாமல் வேறு ஏதாவது கிடந்தால் அந்தப் பதிவோடு எனக்கு எழுதுங்கள், பெயரையும் இலக்கங்களையும் எடுத்துவிட்டு.